ஊத மறுத்த இன்ஸ்பெக்டருக்கு

மகனுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, உடன்குடியில் உன் பெரியப்பாவின் கருப்பட்டிக் கடை மாடியில், நம் குடும்பத்தின் மூத்தவர்கள் ஐந்து பேர் கூடி, ஒன்றே முக்கால் மணி நேரம் விவாதித்து, நீ நீதிமன்றத்துக்கு முழுக்கைச் சட்டை அணிந்து செல்வது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இந்த முடிவின் கனம் உனக்கு உறைத்திருக்காது என்று அஞ்சி மறுபடி எழுதுகிறேன். வெள்ளைச் சட்டை என்ற முதல் யோசனை, அரசியல்வாதி போலத் தோன்றும் என்ற காரணத்தால் கைவிடப்பட்டது. கோடு போட்ட சட்டையை உன் சித்தப்பா ஆதரித்தார். கோடு ஜெயிலை நினைவுபடுத்தும் என்று உன் அத்தை சொன்னதும் ஆதரவைத் திரும்பப் பெற்றார். இளநீலம் நிறைவேறியது. கையை மடித்துவிடலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடித்தது. மடித்தால் ரவுடி, மடிக்காவிட்டால் மாப்பிள்ளை என்றார்கள். இரண்டில் நீதிபதிக்கு யார்மேல் இரக்கம் வரும் என்று ஆராய்ந்து, மடிப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். அதன்பிறகு காபி வந்தது.

கூட்டத்தின் இரண்டாவது விஷயத்துக்கு நான்கு நிமிடம் போதுமானதாக இருந்தது. அன்று காரை ஓட்டியது நீ இல்லை, இசக்கி என்று இசக்கியே கூண்டில் ஏறிச் சொல்லுவார் என்பதுதான் அது. இசக்கி உன் பெரியப்பா கடையின் லோடு ஆட்டோவை இருபது வருடமாக ஓட்டுகிறவர். குடிப்பதில்லை. அன்று மாலை மூன்றரை மணிக்கு, நீ போலீஸ் தடுப்பின்மேல் காரை ஏற்றிய நேரத்தில், அவர் சாத்தான்குளத்தில் கருப்பட்டிச் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்தார். இந்த விவரங்களை யாரும் மறுக்கவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை. "இசக்கி நம்ம புள்ளடா, சொன்னாக் கேப்பான்" என்றார் பெரியப்பா. உன் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. நீ கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றாய். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நீ சொன்ன ஒரே சொல் அது.

அந்தச் சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். நீ எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சட்டக் கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற ஒருத்தி அம்மாவாக வாய்த்தால், வக்கீலுக்குக் கொடுப்பதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று நீ நினைத்தது நியாயம்தான். இதன் நகலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். தினமும் காலையில் ரோஜாப்பூவும் பொன்மொழியும் மட்டுமே படித்துக் கண் பூத்துப்போனவர்களுக்கு ஒரு மாற்றமாக இருக்கும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே மூன்று விதமாகச் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைத்தால் குலசைக் கோயில் தசராவுக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் போட்டுக் காணிக்கை எடுப்பதாக நீ அம்மனுக்கு நேர்ந்துகொண்டாய். வேலைக்கான கடிதம் வந்தது. மாலை போட்டாய், விரதம் இருந்தாய், கொடியேறிய அன்று கையில் காப்புக் கட்டிக்கொண்டாய். காப்புக் கட்டியவன் சாமி. ஊரே அவனைச் சாமி என்றுதான் கூப்பிடும். பெற்றவளும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். ஏழாம் நாள் தூத்துக்குடியில் சொந்தக்காரர்கள் வீடுகளில் காணிக்கை வாங்கிக்கொண்டு குலசைக்குத் திரும்பினோம். தாரை தப்பட்டைக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பெரியப்பாவின் காரை நீ ஓட்டினாய். காக்கிச் சட்டை, தோளில் மூன்று நட்சத்திரம், கையில் லத்தி. உன் பக்கத்து இருக்கையில் எமன் உட்கார்ந்திருந்தான், பெரியப்பா மகன். பின்னால் உண்டியலை மடியில் வைத்துக்கொண்டு நான்.

உன் காலிடுக்கில் ஓமத்தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வழியில் முக்காணி வரும்வரை நீ அதை நாலு தடவை குடித்தாய். எனக்கு ஓமத்தின் வாசனை தெரியும். பாட்டிலில் இருந்ததன் வாசனையும் தெரியும்; உன் அப்பாவோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். வண்டியை நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காப்புக் கட்டிய பிள்ளையிடம், அதுவும் பெரியப்பா மகன் கேட்கும்படி, குடித்திருக்கிறாயா என்று எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். கூச்சப்பட்டு உண்டியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கார் எங்கே மோதினாலும் காணிக்கை சிதறக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன் என்று சொன்னால் அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

ஆறுமுகநேரிக்கு முன்னால், உப்பளங்களுக்கு நடுவே தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற காவலர் கையை நீட்டினார். நீ கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஏலே கான்ஸ்டபிள், ஆபீசர் வாரேன், எடுலே அத!" என்று உத்தரவிட்டாய். அவர் எடுக்கவில்லை. நீ எடுத்தாய், பம்பரால். காவலர் உப்புப் பாத்திக்குள் குதித்ததால் அவருக்கு முழங்கால் நனைந்ததோடு போயிற்று. அரை வினாடி தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். வண்டி நின்றதும் எமன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களுக்கு நடுவே, கொம்பு வைத்த கிரீடத்தோடு, கறுப்புச் சாயம் பூசிய ஒருவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை, உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். "ஏளா, எமனே பயந்து ஓடுதாம்ளா!" என்று ஒருத்தி சொன்னது கார்வரை கேட்டது.

சப் இன்ஸ்பெக்டர் நிதானமாக நடந்து வந்தார். வயதில் உன்னைவிடச் சின்னவராக இருப்பார். உன் தோளைப் பார்த்தார், தன் தோளைப் பார்த்தார்.

"சாமிக்கு மூணு ஸ்டாரு. எனக்கு ரெண்டுதான். நான்தான் சல்யூட் அடிக்கணும். சாமி எந்த ஸ்டேஷன்?"

"குலசை" என்றாய் நீ. திருத்தமாகச் சொல்ல மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

"நல்ல ஸ்டேஷன். இறங்குங்க சாமி. இதுல கொஞ்சம் ஊதுங்க."

நீ ஊதியிருந்தால் இந்த விஷயம் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான குடிபோதை வழக்குகளுக்கு எண் போட்டவள், காரைவிட்டு இறங்கி, அந்த அதிகாரியிடம் சொன்னேன்: "காப்புக் கட்டியிருக்கான் சார். கண்டவங்க வாய் வச்ச எச்சிக் கருவியில வாய் வைக்கக் கூடாது." அவர் பையிலிருந்து பிரிக்காத குழல் ஒன்றை எடுத்துக் காட்டினார். "புதுசும்மா. சாமிக்குன்னே வாங்கினது." அதற்குள் பெரியப்பாவின் போன் வந்தது. ஓடிய எமன் உப்பளத்திலிருந்தே தகவல் கொடுத்திருந்தான். ஸ்பீக்கரில் அவர் குரல், எல்லாருக்கும் கேட்கும்படி: "ஊதாதலே! ஊதினா காப்போட குடிச்சான்னு ஆயிரும். ஊர்ல எவன் மொகத்துலயும் முழிக்க முடியாது. ஊதாட்டா வெறும் கேசுதானலே!" சப் இன்ஸ்பெக்டர் இதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வேகமாக எழுதக்கூடியவர்.

நம் குடும்பம் இதுவரை எடுத்த முடிவுகளில் இதற்கு இணையானது இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் கொல்லப் பார்த்தது உடன்குடியில் ஒரு பேச்சே இல்லை, இளவட்டம், அப்படித்தான். காப்போடு குடித்ததுதான் அவமானம். ஆகவே ஊரார் பார்வையில் பெரிய குற்றத்தை மறைக்க, சட்டத்தின் பார்வையில் இன்னொரு குற்றத்தையும் சேர்த்துச் செய்தோம். ஊத மறுப்பது போலீசாருக்குக் கைது செய்யப் போதுமான காரணம். அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் முன் நிறுத்த வேண்டும் என்பது விதி. நாற்பது நிமிடத்தில் நிறுத்தினார்கள். அங்கே ரத்தம் எடுக்க வந்தபோது, காப்புக் கட்டிய உடம்பில் ஊசி குத்தினால் அம்மன் குத்தம் என்று அழுதேன். நடிப்புக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. அந்த டாக்டர் பெண், "சரிம்மா, மறுத்ததா எழுதிக்கிடுதேன்" என்று சொல்லி, சாராய வாடை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கண் சிவப்பு என்று வரிசையாக எழுதி, தொழில் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று உன்னைக் கேட்டார். நீ "இன்ஸ்பெக்டர்" என்றாய். அவர் அடைப்புக்குறிக்குள் "வேடம்" என்று சேர்த்தார். சான்றிதழின் நகல் என்னிடம் இருக்கிறது.

இனி உன் கேள்விகள். ஊத மறுத்ததால் தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தப்பிக்கலாம் என்று உன் வக்கீல் சொல்வது பாதி உண்மை. நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்ததாகச் சோதனையில் தெரிய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த அளவைக் காட்டும் எண் இல்லாமல் அந்தப் பிரிவில் தண்டிப்பது கடினம் என்று வாதாடலாம். வாதாடி வென்றவர்களையும் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதி, தகுந்த காரணமில்லாமல் சோதனைக்கு மறுத்ததையே உனக்கு எதிரான ஒரு சங்கதியாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பது. எச்சில் தகுந்த காரணமா என்பதை நீதிபதி முடிவு செய்வார். ஆனால் ஆபத்தாக வண்டி ஓட்டியதாகவும் உன்மேல் தனிப் பிரிவு போட்டிருக்கிறார்கள். அதற்கு எண் தேவையில்லை. உப்புப் பாத்திக்குள் குதித்த காவலர் போதும். அதனால்தான் உன் வக்கீலுக்கு இப்போது இசக்கி தேவைப்படுகிறார். குடித்தாயா இல்லையா என்பதைக் குழப்பிவிடலாம். ஓட்டியது யார் என்பதைக் குழப்ப இன்னொரு மனிதன் வேண்டும்.

லைசென்ஸ் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டாய். போலீசார் அதைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. உன்னை அழைத்து விளக்கம் கேட்பார்கள். சில மாதங்களுக்கு நிறுத்தி வைப்பார்கள். அதுவரை கன்டெய்னர் யார்டில் நீ ஓட்டும், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் பக்கம் போக முடியாது. பம்பருக்கு இன்சூரன்ஸ் வருமா என்றும் கேட்டாய். குடிபோதையில் ஓட்டிய வண்டியின் சேதத்துக்கு வராது. வெறும் கேஸ்தான் என்ற பெரியப்பாவுக்கு இந்தச் செய்தியை நீயே சொல்லு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். என் அனுபவத்தில், முதல் தடவையாக வந்து, தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டவர்கள் பெரும்பாலும் அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு ஆள், "குற்றத்தை ஒத்துக்கிடுதியா?" என்று கேட்டதற்கு, "பாதிதான்யா குடிச்சேன், மீதி போலீஸ்கிட்ட இருக்கு" என்றான். அவனும் மத்தியானம் வீட்டுக்குப் போனான். உன்னைவிட அவன்மேல் எனக்கு மரியாதை அதிகம். தான் குடித்த பாதியைத் தான்தான் குடித்தேன் என்று சொன்னானே.

வெளிநாட்டு வேலைதான் உன் பெரிய கவலை என்பது தெரியும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் போலீஸ் நன்னடத்தைச் சான்று கிடைக்காது, ஆகவே கடைசிவரை போராட வேண்டும் என்று பெரியப்பா சொல்லுவதை நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். போராடினால் இந்த வழக்கு எத்தனை வருடம் ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி வழக்குக் கட்டுகளை அலமாரியில் அடுக்கியவள் நான். ஓடும் வரைக்கும் அது நிலுவை வழக்கு. நிலுவை வழக்குள்ளவனுக்குப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவே நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். முடிந்துபோன வழக்கும் கணினியில் தெரியும்தான், அதை மறைக்க முடியாது. அந்தத் துறைமுகத்துக்காரர்கள் அபராதம் கட்டிய ஒருவனை எடுப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல உனக்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீ ஏன் இப்படி ஆனாய் என்று உறவினர்கள் ஆராய்கிறார்கள். சேர்க்கை சரியில்லை என்கிறாள் அத்தை. சேர்க்கை என்றால் நாங்கள்தான். உன் அப்பா தன் ஸ்கூட்டரில் உன்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, நிற்க முடியாத போதையில் வீட்டுக்கு வருவார். ஒருமுறை பக்கிள் ஓடைக்குள் இறக்கினார். உனக்கு அப்போது ஐந்து வயது. நெற்றியில் அந்தத் தழும்பு இருக்கிறது. அந்தக் கதையை நம் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், தாலி கட்டியதை நினைவு வைத்திருப்பதைவிட அதைத்தான் அதிகம் பேர் நினைவு வைத்திருப்பார்கள். "சித்தப்பா ஏத்துனாத்தான் நேரா ஓட்டுவாவ" என்று எமன் வேஷக்காரன் சொல்லும்போது நானும் சிரித்தேன். உன் அப்பா சர்க்கரை வியாதியில்தான் செத்தார், ஸ்கூட்டரில் இல்லை. அதை அவருடைய ஓட்டும் திறமைக்குச் சான்றாக இன்றும் சொல்கிறார்கள்.

பதினேழு வயதில், லைசென்ஸ் இல்லாமல் நண்பனின் பைக்கை எடுத்து, ஒரு பழக்கடைத் தட்டியைச் சாய்த்தாய். போலீஸ் உன்னை உட்கார வைத்திருந்தது. நான் நீதிமன்றத்திலிருந்து ஒரு போன் செய்தேன். "மேடம் பையனா, மொதல்லயே சொல்லக் கூடாதா" என்றார்கள். உன்னை அனுப்பிவிட்டு, பைக்கைக் கொடுத்த நண்பன்மேல் வழக்குப் போட்டார்கள். அவன் அம்மா மீன் விற்கிறவள். அவளுக்குப் போன் செய்ய இடம் இல்லை. அந்த வழக்குக்கு எண் போட்டது நான்தான். என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று சாயங்காலம் உனக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன், பயந்திருப்பாய் என்று. நீ செய்ததற்கு வேறொருவன் கூண்டில் ஏறுவது இயல்பான ஏற்பாடு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரியப்பா இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி கடைக்குப் போனேன். கருப்பட்டி மூட்டைகளுக்கு நடுவே பெரியப்பா இசக்கிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். எமன் சாட்சியைக் கேள்வி கேட்கும் வக்கீலாக நடித்தான்.

"வண்டிய யாரு ஓட்டுனது?"

"நான்தான்."

"ஐயான்னு சொல்லும்வே. போலீஸ் வரும்போது நீரு எங்கன போயிருந்தீரு?"

"எளநி குடிக்கப் போனேன்யா."

"அங்கன ஏதுவே எளநிக் கடை? உப்பளம்லா அது!" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப ஒண்ணுக்குப் போனதா வச்சிக்கிடுவோம் அண்ணாச்சி."

"வச்சிக்கிடுவோம்னு அங்கன சொல்லிராதலே!"

"இல்ல அண்ணாச்சி. போனேன். வண்டிய நிறுத்திட்டுப் போனேன். தம்பி சும்மா ஸ்டியரிங் பக்கம் வந்து உக்காந்தாவ."

"தடுப்பு எப்படி விழுந்துச்சு?"

இசக்கி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "காத்துல" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நன்றாகத்தான் சிரித்தாய். ஐம்பது வயது தாண்டிய மனிதர், கையில் கயிறு சுற்றிய தழும்போடு, உன் முன்னால் நின்று பொய் பழகிக்கொண்டிருந்தார். நீ அவருடைய உச்சரிப்பைத் திருத்தினாய்.

திரும்பும்போது அவர்தான் என்னை லோடு ஆட்டோவில் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில் கேட்டார்: "அக்கா, நீங்க கோர்ட்டுல இருந்தவிய. பொய்னு கண்டுபுடிச்சா என்ன செய்வாங்க?"

சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் ஏழு வருடம் வரை போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றேன். எல்லாருக்கும் போடுவதில்லை, ஆனால் சாத்தான்குளம் வியாபாரி அன்றைய தேதியில் உங்கள் கையெழுத்தோடு ரசீது வைத்திருக்கிறார், அதை யாராவது தேடிப் போனால் போடுவார்கள் என்றேன்.

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "லைசென்சும் போயிருமோ?"

"குடிச்சிட்டு ஓட்டுனது நான்தான்னு நீங்களே சொன்னா, அவங்க ஏன் வுடப்போறாங்க?"

"நான் குடிச்சேன்னு சொல்லலியே அக்கா. ஓட்டுனேன்னுதான சொல்லுதேன்."

"அப்ப தடுப்புமேல ஏன் ஏத்துனீங்கன்னு கேப்பாங்க."

ஒத்திகையில் சொன்ன காற்று இதற்கு உதவாது. "மாட்டேன்னு சொல்லிருங்க" என்றேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி வாய்விட்டுக் கேட்டுட்டாவ. மக கல்யாணத்துக்கு முன்னால நின்னவாவ. நான் எப்படி மாட்டேங்கது? நீங்க சொல்லுங்க, தம்பிக்கு அம்மா. நீங்க சொன்னா நின்னுரும்லா."

நான் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். "நீ பொம்பள, பயப்படுத. இசக்கிக்கு ஒண்ணும் ஆவாது. ஆனாலும் நாம பாத்துக்கிடுவோம்லா" என்றார். நாம பாத்துக்கிடுவோம் என்ற வாக்கியத்தை நம்பி உள்ளே போனவர்களின் மனைவிமார் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொள்கிறவர்கள் முதல் வாய்தாவுக்கு வருவார்கள், காரில். இரண்டாவது வாய்தாவுக்குப் பையனை அனுப்புவார்கள். அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். உன்னிடம் சொன்னேன். நீ அனுப்பிய பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா டென்ஷன் பண்ணாத. அவரு வயசானவரு, ஜட்ஜு இரக்கப்படுவாரு. எனக்கு எதிர்காலம் இருக்கு." இதை நீ தமிழில் தட்டச்சு செய்திருந்தாய், பிழையில்லாமல். படிக்க வைத்தது வீண் போகவில்லை.

உன்னைத் திருத்த இந்தக் கடிதம் எழுதவில்லை. இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் நம் குடும்பத்தில் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள், ஐந்தாவது வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை உன்னை முதன்முதலாகக் கேட்பார்கள்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா? ஆமாம் என்றால் அன்றே தீர்ந்துவிடும். இல்லை என்றால் சாட்சிகள் வருவார்கள். தடுப்பில் நின்ற காவலர், சப் இன்ஸ்பெக்டர், டாக்டர். அவர்கள் மூவரையும் உன் வக்கீல் கேள்வி கேட்டு ஆட்டிவிடலாம். காவலர் தன் வேலைக்காகப் பேசுகிறார், டாக்டர் காரைப் பார்க்கவில்லை என்பார். ஓடியவன் வாய் திறக்க மாட்டான். ஆக, நீ ஓட்டியதைக் காருக்குள்ளிருந்து பார்த்தவர்களில் பேசக்கூடியவர் ஒருவர் மிச்சம். இதைக் கூட்டத்தில் ஐந்து பேரும் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியும் கவனிக்கவில்லை. உண்டியலை யார் வைத்திருந்தார்கள் என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை அரசு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பழக்கமானவர்தான், நான் வழக்கமாக எதையாவது தள்ளிப்போடச் சொல்லித்தான் வருவேன் என்று நினைத்து, உட்காரச் சொல்லாமலே "என்ன மேடம், எத்தன வாரம் வேணும்?" என்றார். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கம். முக்காணி வரும்வரை நாலு தடவை குடித்தது, பாட்டிலின் வாசனை, நீ கான்ஸ்டபிளுக்கு இட்ட உத்தரவு, எச்சில் கருவி என்று நான் சொன்னது, ஊசி என்று அழுதது, அழுதது நடிப்பு என்பது எல்லாம் அதில் இருக்கின்றன. இசக்கி காரில் இல்லை என்பதைத் தனி வரியாக எழுதி அடிக்கோடு போட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இது உங்களுக்கே சிக்கல் மேடம். அதிகாரிகிட்ட பொய் சொன்னதா நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார். தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை உன் வக்கீலுக்குத் தகவல் போயிருக்கிறது. அவர் இசக்கியைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை பெரியப்பா இசக்கியிடமிருந்து லோடு ஆட்டோவின் சாவியை வாங்கிக்கொண்டார். எனக்குச் சம்மன் இன்று காலை வந்தது. உன் வழக்கில் அரசுத் தரப்பின் நான்காவது சாட்சி நான்.